இரவல் வாள்

(ஆவடிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை, ஞாயிறு ஏட்டுக்காக எழுத்து வடிவில்)



கூட்டத்திற்கு வந்தவர்கள் காதால் கேட்டதை, வர இயலாமற்போன நீங்கள் கண்ணால் கேட்க வேண்டும் என்பதற்காக இதனை எழுதுகிறேன். மேடையில் கைதட்டல் சில சொற்களை விழுங்கிவிடும். ஏட்டில் அந்த இழப்பு இல்லை. ஆகவே அன்று சொன்னதையும், நேரம் போதாமையால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே தருகிறேன்.

'உலக அரங்கும் நாட்டின் பாதுகாப்பும்' என்று தலைப்புக் கொடுத்தபோது, கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் ஒருவர் தயங்கினார். "அண்ணே, இது டெல்லியில் பேசுகிற பேச்சல்லவா? ஆவடியில் குடிநீர் பற்றிப் பேசுங்கள், சாலை பற்றிப் பேசுங்கள். படைக்கலம் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?" என்றார். நான் சொன்னேன்: "தம்பி! டெல்லியில் இருப்பது கோப்பு. ஆவடியில் இருப்பது கொல்லுலை. கோப்புப் புரட்டுகிறவர்கள் பேசும் பொருளை, இரும்பு உருக்குகிறவர்கள் பேசக்கூடாதா?"

பேசலாம்; பேசவேண்டும்; பேசாததால்தான் இன்று இத்தனை இடர்ப்பாடு.

முதலில் ஒரு கதை. கதை என்றால் கற்பனையல்ல, என் வாழ்வில் நடந்தது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் துறந்துவிட்டு, நாடகம் நாடகம் என்று ஊர் ஊராக நான் அலைந்துகொண்டிருந்த காலம். பூந்தமல்லிக்கு அருகே ஒரு சிற்றூரில் எங்கள் நாடகம். மன்னன் கதை. மணிமுடி வாடகை, மார்க்கவசம் வாடகை, வாளும் வாடகை. வாடகைக்குக் கொடுத்தவருக்கு முந்திய நாடகத்துப் பணமே பாக்கி. மூன்றாவது காட்சியில் மன்னன், பகைவன் எதிரே நின்று, "எங்கே என் வாள்?" என்று முழங்குகிறான். திரைக்குப் பின்னால் வாடகைக்காரர் வாளைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிற்கிறார். "பழைய பாக்கி வந்தால் வாள் வரும், வராவிட்டால் வாளும் வராது!" என்கிறார். கெஞ்சினோம், கொஞ்சினோம்; மனிதர் அசையவில்லை.

மேடையில் மன்னன் என்ன செய்வான்? வெறுங்கையோடு எவ்வளவு நேரம் முழங்குவான்? குரலைத் தாழ்த்தினான். "நண்பா! போர் எதற்கு? சமாதானமாகப் போவோம்" என்று பகைவனைத் தழுவிக்கொண்டான். நான் எழுதியது போர்க்காட்சி. மக்கள் பார்த்தது சமாதானக் காட்சி! அன்றிரவு நான் ஒன்று கற்றுக்கொண்டேன், தோழர்களே! கதையை எழுதியவன் நான். வசனத்தைப் பேசியவன் நடிகன். ஆனால் காட்சியை முடித்துவைத்தவன் வாளுக்கு உடையவன்.

நாடுகளின் கதையும் இதுதான். பிறரிடம் வாள் வாங்கியவன் போரிட நினைத்தாலும் அவனைக் கேட்க வேண்டும். போரை நிறுத்த நினைத்தாலும் அவனைக் கேட்க வேண்டும்.

1965ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தை எண்ணிப் பாருங்கள். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர். பாகிஸ்தான் ஓட்டி வந்த பேட்டன் டாங்கிகள் அமெரிக்கா கொடுத்தவை. இந்தியா ஓட்டிச் சென்ற செஞ்சூரியன் டாங்கிகள் பிரிட்டனில் பிறந்தவை. பஞ்சாபின் வயல்வெளியில் இரவல் வாளும் இரவல் வாளும் மோதின! அமெரிக்கா என்ன செய்தது? இரு நாட்டுக்கும் படைக்கலம் அனுப்புவதை நிறுத்திற்று. அமெரிக்கப் படைக்கலத்தையே பெரிதும் நம்பியிருந்த பாகிஸ்தானுக்கு அது பெரிய அடி. வாடகைக்காரர் வாளைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதே 1965ஆம் ஆண்டில்தான் ஆவடியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. 1961இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து, 'விஜயந்தா' என்ற முதல் டாங்கி வெளியே வந்தது. வரைபடம் பிரிட்டனுடையது, வார்த்துப் பொருத்திய கைகள் இங்கிருந்த கைகள். 1971ஆம் ஆண்டுப் போரில் அந்த வண்டிகள் களம் கண்டன. பின்னர் சோவியத் நாட்டின் டி-72 இங்கே செய்யப்பட்டு 'அஜேயா' என்று பெயர் பெற்றது. அதன் பின்னர் டி-90 'பீஷ்மா' ஆயிற்று. 2001இல் ஒப்பந்தம், இங்கே செய்யப்பட்ட முதல் பத்து வண்டிகள் படையிடம் சென்றது 2009இல். விஜயந்தா, அஜேயா, பீஷ்மா, அர்ஜுன்! பெயரில் தமிழைத் தேடாதீர்கள். பெயர் வைத்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள். தமிழ் அந்த வண்டிகளின் மீது சிந்திய வேர்வையில் இருக்கிறது.

இப்போது அர்ஜுன் கதைக்கு வருவோம். முழுக்க முழுக்க நம் நாட்டிலேயே வரையப்பட வேண்டும், நம் நாட்டிலேயே செய்யப்பட வேண்டும் என்று 1974இல் ஒப்புதல் பெற்ற திட்டம் அது. முதலில் ஒதுக்கிய தொகை பதினைந்தரைக் கோடி ரூபாய். வரைந்தது இதே ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையம். படை 124 வண்டிகள் கேட்டது 2000இல். முதல் வண்டிகள் கைக்கு வந்தது 2004இல். ஒப்புதலுக்கும் ஒப்படைப்புக்கும் இடையே முப்பது ஆண்டுகள்! திட்டம் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை, வண்டி வந்த ஆண்டில் தன் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கும்.

இதனை நான் மறைக்கவில்லை. குற்றம் குற்றமே. ஆனால் குறை கூறுகிறவர்கள் முழுக்கதையையும் கூற வேண்டும் அல்லவா? படை கேட்ட அளவுகள் நடுவழியில் மாறின. எடை மாறியது, பீரங்கி மாறியது. கேட்ட எண்ணிக்கையோ சிறியது. 2010இல் பாலைவனத்தில் டி-90 ஒருபுறமும் அர்ஜுன் மறுபுறமும் நிறுத்திச் சோதித்தார்கள். அந்தச் சோதனைக்குப் பின்னர் மேலும் 124 வண்டிகள் வேண்டும் என்றார்கள். 72 மேம்பாடுகளோடு உருவான புதிய வடிவத்தை 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமரே படைத் தலைவரிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 வண்டிகளுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம்.

மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வண்டியின் நெஞ்சைத் திறந்து பாருங்கள், தோழர்களே! உள்ளே துடிப்பது ஜெர்மன் நாட்டு என்ஜின். ஆற்றலைச் சக்கரத்துக்குக் கடத்தும் பற்சக்கரப் பெட்டியும் ஜெர்மன் நாட்டுடையது. அந்த என்ஜின் வந்து சேர்வதில் தாமதம், ஆகவே 118 வண்டிகள் வருவதும் தாமதம் என்று ஏடுகள் எழுதின. தோள் நம்முடையது, தோல் நம்முடையது, இதயம் இரவல்!

டாங்கிக்கு மட்டுமா இந்த நிலை? பெங்களூரில் செய்யப்படும் தேஜஸ் போர் விமானத்தைப் பாருங்கள். 2021இல் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம். அதற்கான அமெரிக்க என்ஜின்களில் முதலாவது வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில். கூடு கட்டி வைத்தார்கள், குருவிதான் வரவில்லை.

"என்ன செய்வது? அயல்நாட்டார் நல்லவர்கள்தானே, கேட்டால் கொடுப்பார்கள்" என்பார் உண்டு. நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்கள் வீட்டிலேயே தீப்பிடித்தால்? 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ரஷ்யாவிடம் நாம் 2018இல் ஒப்பந்தம் செய்த எஸ்-400 வான்காப்புத் தொகுதிகள் ஐந்து. மூன்று வந்தன, எஞ்சியவை போரினால் தாமதப்பட்டன. தன் களத்துக்கே படைக்கலம் தேவைப்படும்போது, எந்தக் கடைக்காரன் வாடிக்கையாளனுக்கு எடுத்துவைப்பான்?

ஸ்டாக்ஹோம் அமைதி ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2019 முதல் 2023 வரையிலான ஐந்தாண்டுகளில், உலகிலேயே அதிகமாகப் படைக்கலம் இறக்குமதி செய்த நாடு இந்தியா. அதற்கடுத்த கணக்கில், போரில் எரிந்துகொண்டிருந்த உக்ரைன் முதலிடத்துக்கு வந்ததால், நாம் இரண்டாம் இடத்துக்கு இறங்கினோம். முதலிடத்தை இழந்ததற்கு மகிழ்வதா? பிறர் வீடு எரிந்ததால் வந்த இறக்கம் அது.

உக்ரைன் களம் நமக்கு இன்னொரு பாடமும் சொல்லிற்று. டி-72 வகை டாங்கிகளில் குண்டுகள், வீரர்கள் அமரும் கோபுரத்தின் அடியிலேயே வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். கவசத்தைத் துளைத்த அடி அந்த வட்டத்தில் விழுந்தால், மேற்கோபுரம் அப்படியே பிய்த்துக்கொண்டு வானில் பறக்கும். உலகம் முழுவதும் அந்தப் படங்களைக் கண்டது. மற்றவர்கள் படமாகக் கண்டார்கள். ஆவடிக்காரன் அப்படிக் காண முடியுமா? அதே குடும்பத்து வண்டிகளை அல்லவா அவன் தன் கையால் பொருத்துகிறான்! உள்ளே அமரப்போகிற மூன்று இளைஞர்களை அல்லவா அவன் எண்ணிப் பார்ப்பான்!

அதற்கும் முன்னர், 2020இல், அர்மீனியாவும் அசர்பைஜானும் நகோர்னோ-கராபாக் மலைநாட்டுக்காக மோதியபோது, ஆளில்லா வானூர்திகள் மேலிருந்து டாங்கிகளைத் தேடித் தேடி அழித்தன. உக்ரைனில் சில நூறு டாலர் விலையுள்ள சிறு பறவைப் பொறி, பல கோடி ரூபாய் வண்டியை முடக்கியது. "அப்படியானால் டாங்கியின் காலமே முடிந்தது, ஆவடிக்கு இனி என்ன வேலை?" என்று சில அறிவாளிகள் கேட்கிறார்கள்.

நான் படைத்துறை வல்லுநன் அல்லன், நாடகக்காரன். ஆனாலும் எனக்குப் புரிகிற அளவில் சொல்கிறேன். ஈட்டி வந்ததும் கேடயம் மாறியது. துப்பாக்கி வந்ததும் கோட்டை மாறியது. வானூர்தி வந்ததும் டாங்கி மாறும். இப்போதே மேற்கூரையில் கம்பிக்கூண்டு, வானூர்தியைக் கண்டறியும் கருவி, அதன் வானொலியைக் குழப்பும் பொறி என்று மாறிக்கொண்டிருக்கிறது. யாரால் விரைந்து மாற்ற முடியும்? வண்டியின் ஒவ்வொரு திருகையும் அறிந்தவனால். தானே வரைந்து தானே வார்த்தவன், தீமை கண்ட மறுநாளே திருத்தத் தொடங்குவான். விலைக்கு வாங்கியவன், விற்றவனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பான். ஆகவே, மாறிவரும் போர்முறை ஆவடியை மூடுவதற்குக் காரணமல்ல. ஆவடியின் அறிவை வளர்ப்பதற்குக் காரணம்.

அறிவு என்றேன். வரைபடத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டுவது அறிவாகாது. 1986இல் ஸ்வீடன் நாட்டுப் போஃபர்ஸ் பீரங்கிகள் 410 வாங்கினோம். ஊழல் புயல் ஆட்சியையே உலுக்கியது; எல்லோரும் அறிவோம். நாம் அதிகம் பேசாதது, அந்தப் பீரங்கியோடு வந்த தொழில்நுட்பத் தாள்களின் கதையை. அவை ஆண்டுக்கணக்கில் உறங்கின. அவற்றின் அடிப்படையில் ஜபல்பூரில் உருவான 'தனுஷ்' பீரங்கி படையின் கைக்கு வந்தது 2019இல். முப்பத்து மூன்று ஆண்டு உறக்கம்! 2025 மார்ச்சில் டி-72 வண்டிகளுக்கு 780 குதிரைத்திறன் என்ஜினுக்குப் பதில் 1000 குதிரைத்திறன் என்ஜின் வாங்க ரஷ்யாவோடு 24.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள். அதன் தொழில்நுட்பம் நம் ஆவடித் தொழிற்சாலைக்கு வரும் என்கிறார்கள். வரட்டும். இந்த முறையாவது தாள் உறங்காமல் இருக்கட்டும்.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 2024 மார்ச் 20 அன்று, மைசூரில், 1500 குதிரைத்திறன் கொண்ட டாங்கி என்ஜினை முதன்முறையாக இயக்கிச் சோதித்தார்கள். நம் நாட்டிலேயே உருவானது. முதல் துடிப்புக் கேட்டுவிட்டது. அந்தக் குழந்தையை வளர்க்க வேண்டும். இடையில் வேறு நாட்டு விற்பனையாளன் வந்து பட்டியல் காட்டியதும் தொட்டிலை மறந்துவிடக்கூடாது.

தோழர்களே! இனி நான் சொல்லப்போவதுதான் இன்றைய உரையின் உயிர்.

புறநானூற்றில் ஓர் அருமையான காட்சி உண்டு. நம் பகுதிக்கும் அதற்கும் உறவு உண்டு. ஆவடியும் அம்பத்தூரும் பூந்தமல்லியும் தொண்டை நாடல்லவா? காஞ்சியில் தொண்டைமான் ஆண்டபோது, அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் வருகிறார். தன் வலிமையைக் காட்ட எண்ணிய தொண்டைமான், படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசி, பளபளவென்று அடுக்கி வைத்திருக்கிறான். ஔவை அமைதியாகச் சொல்கிறார்: இவை மிக அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவையோ முனை முறிந்து, கொல்லன் உலைக்களத்தில் அல்லவா கிடக்கின்றன! புகழ்வது போலப் பழித்தது, பழிப்பது போலப் புகழ்ந்தது என்று புலவர்கள் பாராட்டுவார்கள்.

நானும் பாராட்டியிருக்கிறேன். ஆனால் ஆவடிக்கு வந்து போகத் தொடங்கிய பின்னர் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. தொண்டைமானை அறிவோம், அதியமானை அறிவோம், ஔவையை அறிவோம். முறிந்த வேலையெல்லாம் திருத்திக் கொடுத்த அந்தக் கொல்லன் யார்? அவனுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைத்ததா? அடுத்த ஆண்டும் அந்த உலைக்களத்தில் அவனுக்கு வேலை இருந்ததா? பொன்முடியார் பாட்டில், ஒரு வீரனை உருவாக்கும் கடமையைப் பங்கிட்டபோது, தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் இணையாகக் கொல்லனுக்கும் ஓர் இடம் வைத்தார். பாட்டிலே இடம் கொடுத்தார்கள். நாட்டிலே இடம் கொடுத்திருக்கிறோமா?

ஆவடி என்றதும் அரசியலில் மூத்தவர்களுக்கு 1955 ஜனவரியில் நடந்த காங்கிரசு மாநாடு நினைவுக்கு வரும். சோஷலிசப் பாணிச் சமுதாயம் என்று அங்கேதான் தீர்மானம் போட்டார்கள். அந்த மண்ணில் எழுந்த பொதுத்துறைத் தொழிற்சாலைகள் இவை. 2020 மே மாதத்தில், நோய்த்தொற்றுக்கு அஞ்சி மக்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, படைக்கலத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக மாற்றப்போவதாக ஒன்றிய நிதியமைச்சர் அறிவித்தார். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன; வேலைநிறுத்தம் என்றன. 2021 ஜூன் 30 அன்று அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அது நாடாளுமன்றச் சட்டமாயிற்று. தடையை மீறி வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம். தூண்டினால் இரண்டாண்டு வரை சிறை! ஓராண்டுக்கு மட்டுமே என்று கொண்டுவந்த சட்டம்; அந்த ஓராண்டு முடிந்துவிட்டது. ஆனால் அந்த ஓராண்டில் காரியம் முடிந்துவிட்டது. 2021 அக்டோபர் 1 அன்று, 41 தொழிற்சாலைகள், ஏறக்குறைய எழுபதாயிரம் தொழிலாளர்கள், ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டனர். டாங்கி செய்யும் கம்பெனிக்கு ஆவடியே தலைமையிடம். சீருடை செய்யும் ஆவடித் தொழிற்சாலைக்கோ தலைமையிடம் கான்பூர். ஒரே ஊரில் சுவருக்குச் சுவர் இருந்த இரு தொழிற்சாலைகள் இரண்டு முதலாளிகளுக்குப் போயின.

"கம்பெனி ஆனால் திறமை பெருகும், விரைவு கூடும்" என்றார்கள். திறமை வேண்டாம் என்றா சொல்கிறோம்? பழைய முறையில் குறையே இல்லை என்றா வாதாடுகிறோம்? தரக்குறைவு உண்டு, தாமதம் உண்டு என்று தணிக்கை அறிக்கைகள் சொன்னவற்றை நாமும் படித்திருக்கிறோம். ஆனால் திறமை எங்கே குடியிருக்கிறது? பெயர்ப்பலகையிலா? கையில் குடியிருக்கிறது! கவசத் தகட்டைப் பற்றவைக்கும்போது, சுடர் எந்த நிறத்துக்கு மாறினால் கை எடுக்க வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் முழுதாகச் சொல்லாது. மூத்தவன் பக்கத்தில் நின்று இளையவன் ஆண்டுக்கணக்கில் கற்பது அது.

அந்த இளையவனுக்கு இன்று என்ன நிலை? 2025இல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை 1,850 இளநிலைத் தொழில்நுட்பப் பணியாளர்களைத் தேடி விளம்பரம் செய்தது. ஐ.டி.ஐ. படித்த நம் பகுதிப் பிள்ளைகள் ஆவலோடு பார்த்தார்கள். வேலை ஒப்பந்த வேலை. கால வரம்புள்ள வேலை. கற்றுத் தேறும் நேரத்தில் கணக்கு முடித்து அனுப்பிவிடக்கூடிய வேலை!

2022 ஜூன் மாதத்தில் வந்த அக்னிபாதைத் திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படையில் சேரும் இளைஞனுக்கு நான்கே ஆண்டுப் பணி. நூற்றுக்கு 25 பேர் வரையில் நிலைப்பார்கள். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். வேல் ஏந்துகிறவனும் தவணைக்காரன். வேல் வடிக்கிறவனும் தவணைக்காரன்! நிலையான பகை என்கிறார்கள், நிலையான எல்லை என்கிறார்கள், நிலையான விழிப்பு வேண்டும் என்கிறார்கள். அதைக் காக்கிற மனிதனுக்கு மட்டும் நிலை வேண்டாம் என்கிறார்கள்.

இங்கேதான் இரவல் வாளின் முழுப்பொருளும் விளங்குகிறது. அயல்நாட்டு என்ஜின் மட்டும் இரவலல்ல, தோழர்களே! இன்று வந்து நாளை போகும்படி வைத்திருக்கும் கையும் இரவல் கைதான். இரவல் என்ஜினால் வண்டி நிற்கும். இரவல் கையால் அறிவு நிற்கும்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் எழுந்த பேட்டை. அங்கே ஒரு தகரக் கூரையின் கீழ் இரண்டு கடைசல் பொறிகள் வைத்துக்கொண்டு, வட்டிக்குக் கடன் வாங்கி, உதிரி உறுப்புச் செய்கிற சிறு பட்டறைக்காரர் எத்தனை பேர்! 2019 ஜனவரியில் திருச்சியில் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கிவைத்தார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று ஐந்து மையங்கள் சொன்னார்கள். வழித்தடம் நல்லதே. அதில் பெரிய தேர் மட்டும் ஓடுமா, அம்பத்தூர்க்காரரின் கைவண்டிக்கும் இடம் உண்டா? ஆணை ஆண்டுதோறும் ஒழுங்காக வந்தால் அவர் புதுப்பொறி வாங்குவார், நாலு பேருக்கு வேலை கொடுப்பார். ஓராண்டு ஆணை, ஈராண்டு பட்டினி என்றால், பட்டறையைப் பூட்டிவிட்டு இடத்தைக் கிடங்குக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். அன்று நாடு ஒரு பட்டறையை மட்டுமல்ல, ஒரு படையையே இழக்கும்.

"இவ்வளவு பேசுகிறாயே, நீ போர்வெறியனா?" என்று கேட்கக்கூடும். அல்ல. 2024இல் உலக நாடுகள் படைக்குச் செலவிட்டது 2,71,800 கோடி டாலர். முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேல் கூடுதல். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நேட்டோ நாடுகள், 2035க்குள் நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு ஐந்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவதென்று 2025 ஜூனில் ஹேக் நகரில் முடிவு செய்தன. இடைத்தூர அணு ஏவுகணைகளை ஒழிப்பதற்காக 1987இல் அமெரிக்காவும் சோவியத்தும் செய்த உடன்படிக்கை, 2019 ஆகஸ்டில் முறிந்து போயிற்று. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய செல்வம் வெடித்துப் புகையாவதைக் கண்டு மகிழ நான் மனமற்றவன் அல்லன்.

ஆனால் ஒன்று சொல்வேன். சமாதானம் பேசுவதற்கும் சொந்தக் கை வேண்டும். என் நாடகத்து மன்னன் சமாதானம் பேசினானே, அது அன்பினாலா? கையில் வாள் இல்லாமையினால்! வாளுள்ளவன் அதை உறையிலிட்டுப் பேசும் சமாதானத்துக்கே மதிப்பு. 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 6,81,000 கோடி ரூபாய்க்கும் மேல். அந்தப் பணத்தில் எவ்வளவு அயல்நாட்டு வாடகைக்குப் போகிறது, எவ்வளவு நம் அறிவாக இங்கே தங்குகிறது என்று கேட்பது போர்வெறியாகுமா? வரி செலுத்துகிறவனின் உரிமை அது.

அரசமைப்புச் சட்டப்படி பாதுகாப்பு ஒன்றிய அரசின் பட்டியலில் முதல் பொருள். மாநிலத்துக்கு அதில் அதிகாரம் இல்லை. நிலம் கொடுத்தது இந்த மாநிலம். நீர் கொடுத்தது இந்த மாநிலம். பயிற்சிபெற்ற பிள்ளைகளைக் கொடுத்தது இந்த மாநிலம். முடிவெடுக்கும்போது மட்டும் வாசலில் நில் என்கிறார்கள். அதிகாரம் இல்லாமல் இருக்கலாம், வாய் இருக்கிறதல்லவா? நாம் அனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள் அல்லவா?

ஆகவே, இதைப் படிக்கும் தோழரே, உங்களிடம் கேட்பது மூன்று. ஒன்று: என்ஜினும் பற்சக்கரப் பெட்டியும் நம் நாட்டிலேயே எந்த ஆண்டுக்குள் செய்யப்படும் என்று நாள் குறித்துச் சொல்லும்படி நாடாளுமன்றத்தில் கேட்க வையுங்கள். இரண்டு: கவசம் வார்க்கும் கைகளுக்கு ஒப்பந்த வேலை கூடாது, நிலையான வேலை வேண்டும் என்பதைத் தொழிலாளர் கோரிக்கையாக மட்டும் விடாமல் நாட்டுப் பாதுகாப்புக் கோரிக்கையாகப் பேசுங்கள். மூன்று: சிறு பட்டறைகளுக்குப் பல ஆண்டுக்கு ஒருமுறையாக உறுதியான ஆணை கொடுக்கும்படி வற்புறுத்துங்கள். படிப்பகத்தில் பேசுங்கள், தேநீர்க் கடையில் பேசுங்கள், ஆவடி இரயிலடியில், பணிமுடிந்து வெளியே வரும் தோழனின் தோளில் கைவைத்துப் பேசுங்கள். எதிர்க்கட்சிக்காரர் வந்தால் அவரையும் அமர்த்திப் பேசுங்கள்; நாட்டின் காவல் நம் கட்சிக்கு மட்டும் உரிய சொத்தல்ல.

கடைசியாக, அந்த நாடகத்தின் மிச்சக்கதை. வாளில்லாத மன்னனைக் கண்டு ஊரார் சிரித்துக் கலைந்த பிறகு, ஒரு பெரியவர் மேடைக்குப் பின்னால் வந்தார். அந்த ஊர்க் கொல்லர். "அடுத்த வாரம் மறுபடியும் போடுங்கள் தம்பி; நான் ஒன்று அடித்துத் தருகிறேன்" என்றார். பழைய வண்டியின் இரும்புப் பட்டையைக் காய்ச்சி அடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பளபளப்பில்லை, கனமோ அதிகம். மன்னனாக நடித்தவனுக்கு இரண்டு நாள் தோள் வலி. ஆனால் அன்று போர்க்காட்சி, நான் எழுதியபடியே நடந்தது. முடிவில் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். ஒளி அமைத்தவருக்கு, ஒலி அமைத்தவருக்கு, தலைமை தாங்கியவருக்கு, மாலை வாங்கிக் கொடுத்தவருக்கு. கொல்லரை மறந்துவிட்டேன். கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று நான் செய்த பிழையை நாடு செய்யலாகாது, தோழர்களே!